பைப்புக்குள் கம்பி

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

அரிசி மில்காரர் வீட்டுக்கு கேட் வேலை. வளைவு டிசைன் கேட்கிறார், அதுவும் நேற்றே முடித்திருக்க வேண்டுமாம். மதியம் சேட்டு என் வெல்டிங் பட்டறைக்கு வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தால் டீ கேட்பான். கேட்டான்.

மலைமேல் லோடு வண்டி ஓட்டுகிறவர்களின் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். பேட்டரியில் ஓடும் சின்ன ரம்பம் ஒன்று வாங்கி மலைமேலேயே வைப்பது என்று முடிவெடுத்துவிட்டார்களாம். வண்டி கவிழ்ந்து ஆள் மாட்டிக்கொண்டால், தீயணைப்பு வண்டி கீழேயிருந்து ஏறி வரும்வரை சும்மா நிற்க வேண்டாம், இரும்பை நாமே அறுத்துவிடலாம் என்பது யோசனை. எந்த ரம்பம் என்று தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு.

"இரும்பு தெரிஞ்சவன் நீதான் பூவரசா. எது நல்லதுன்னு நீ சொல்லு, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றான்.

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

போன வருஷம் கவிழ்ந்த வண்டி சேட்டுடையது. அந்த வண்டியின் பின்னால் ஆட்கள் பிடித்துக்கொள்ள பைப் வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தவன் நான். அந்த பைப்பில் மாட்டித்தான் காந்தாவுக்கு ஒரு கால் போனது. காந்தா என் மனைவி நீலாவதியின் தங்கை. இதையெல்லாம் இந்த நோட்டில் இதுவரை எழுதியதில்லை. ஒன்பது மாதமாக கேட் அளவு, ஜன்னல் அளவு மட்டும்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

13 பிப்ரவரி

செல்போனில் ரம்பம் வீடியோக்கள் பார்த்தேன். எல்லாவற்றிலும் பைப்பை மேஜையில் இறுக்கிக் கட்டிவைத்து அறுக்கிறார்கள். நல்ல வெளிச்சம், கண்ணாடி, கையுறை. ஒருவன் அறுத்துக்கொண்டே சிரிக்கிறான். பைப்புக்கு அடியில் ஆளைப் படுக்கவைத்து எவனும் அறுத்துக் காட்டவில்லை.

15 பிப்ரவரி, சனி

எதை அறுக்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் ரம்பத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் மே பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. உறவில் ஒரு காதுகுத்து. நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்து வாசலில் வரவேற்க நின்றிருந்தேன். காந்தாவும் அவள் புருஷன் வேடியப்பனும் மலைமேல் ரோட்டோரத்தில் டிபன் கடை வைத்திருக்கிறார்கள். கடையை அவனிடம் விட்டுவிட்டு, சேட்டு வண்டியின் பின்னால் ஏறி காந்தா விசேஷத்துக்கு வந்துகொண்டிருந்தாள். பின்னால் மொத்தம் ஒன்பது பேர். லோடு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பஸ் எப்போது வரும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், புங்கமரத்து வளைவில் வண்டி சாய்ந்துவிட்டது.

காலை எட்டேமுக்காலுக்குப் போன் வந்தது. பட்டறைக்கு ஓடி, கிரைண்டரையும் சின்ன ஜெனரேட்டரையும் லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு அதே வேட்டியோடு போனேன். ஒன்பதரைக்கெல்லாம் வளைவில் இருந்தேன். எட்டு பேரை வெளியே எடுத்திருந்தார்கள். ஒருவருக்குக் கை முறிவு, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. காந்தா மட்டும் உள்ளே இருந்தாள். நான் வைத்த பைப் வளைந்து, அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே வண்டித் தகடோடு சேர்த்து நெரித்துப் பிடித்திருந்தது.

ஒன்றரை இஞ்சு பைப். வெறும் பைப் என்றால் பரவாயில்லை. உள்ளே பதினாறு எம்.எம். கம்பியைச் செருகி, இரண்டு முனையிலும் வெல்டிங் அடித்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். பத்து பேர் தொங்கினாலும் ஒன்றும் ஆகாது என்று சேட்டிடம் பெருமை பேசினேன். மலைமேல் ஓடும் பதினோரு வண்டிகளுக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன்.

ஆக்சா பிளேடை ஃப்ரேமோடு உள்ளே விட இடமில்லை. வெறும் பிளேடில் துண்டைச் சுற்றிக்கொண்டு அறுத்தேன். மூன்று பிளேடு உடைந்தது. பைப் ஒரு பக்கம் அறுந்தது, உள்ளே கம்பியில் கோடு மட்டும் விழுந்தது. ஜெனரேட்டர் ஓடவில்லை. பதினொன்று பத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. பெரிய கத்தரி மாதிரி ஒரு கருவி வைத்து ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள். அத்தனை தூரம் மலையேறி வந்தவர்கள்மேல் குற்றமில்லை. அதுவரை நான் காந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரத்த ஓட்டம் நின்றிருந்த நேரம் அதிகம், ஒரு மணி நேரம் முந்தி எடுத்திருந்தால் காலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

16 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு வரி பொய்.

எனக்கு நானே எழுதிக்கொள்கிற நோட்டு. இதிலுமா?

ஜெனரேட்டர் ஓடவில்லை என்பது பொய். நான் கயிற்றை இழுக்கவே இல்லை.

17 பிப்ரவரி

வண்டியில் வந்த யாரோ புல் வெட்டும் மெஷினுக்காகக் கேனில் ஐந்து லிட்டர் பெட்ரோல் வைத்திருந்தார்கள். அது உடைந்து காந்தாவின் புடவை, தகடு, கீழே இருந்த காய்ந்த புல் எல்லாம் பெட்ரோல் வாடை. கிரைண்டர் வைத்தால் பொறி பறக்கும். இருபத்திரண்டு வருஷமாகப் பொறியோடு வாழ்கிறவன், எனக்குத் தெரியாதா. ஜெனரேட்டர் கயிற்றில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

அதை அப்படியே சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வேடியப்பன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "அறுண்ணா, அறுண்ணா" என்று அழுதுகொண்டிருந்தான். சுற்றி முப்பது பேர். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. "மெஷின் எடுக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற இத்தனை மாதமாக ஜெனரேட்டரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

வெயிலில் பெட்ரோல் எவ்வளவு நேரத்தில் ஆவியாகும்? பத்து மணிக்கு வாடை குறைந்துவிட்டதா? மண்ணைப் போட்டு மூடி, ஈரச் சாக்கைச் சுற்றி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்திருக்கலாமா? பத்தேகாலுக்கு அறுத்திருந்தால் — யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் ஜெனரேட்டர் நன்றாக இருந்தது தெரிந்துவிடும்.

நான் பயந்தது சரியா தப்பா என்றுகூடத் தெரிந்துகொள்ள முடியாதபடி என் வாயை நானே கட்டிக்கொண்டேன்.

22 பிப்ரவரி, சனி

வாணியம்பாடி போனேன். ரஹ்மான் பாய் கடையில்தான் எப்போதும் வெல்டிங் ராடு, வட்டு எல்லாம் எடுப்பது. விஷயத்தைச் சொன்னதும் நாலு மெஷினை மேஜையில் வரிசையாக வைத்தார்.

முதலாவது மூன்று இஞ்சு வட்டு போட்டது. உள்ளங்கையில் அடங்குகிறது, அழகாகத்தான் இருக்கிறது. ஒரு துண்டுக் கம்பியில் வைத்துக் காட்டினார். பொறி பறந்தது. நான் என்னையறியாமல் இரண்டு அடி பின்னால் போய்விட்டேன்.

"பொறிக்கு ஒதுங்கற வெல்டிங்காரர இன்னிக்கித்தான் பாக்கறேன் மேஸ்திரி" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இரண்டாவது பல் வைத்த வட்ட ரம்பம். பொறி ரொம்பக் குறைவு, சூடும் இல்லை. ஆனால் அதன் அடித்தகடு பைப்மேல் சமமாக உட்கார வேண்டும். கவிழ்ந்த வண்டிக்குள் சமமான இடத்தை எங்கே தேடுவது? மூன்றாவது பட்டை ரம்பம். சத்தமே இல்லாமல் வெண்ணெயை அறுப்பதுபோல அறுத்தது. இதுதான், முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், அதன் வாய்க்குள் பைப் முழுசாக நுழைய வேண்டும். காந்தாவின் காலை நெரித்த பைப் தகட்டோடு ஒட்டியிருந்தது. ஒரு விரல்கூடப் பின்னால் போகாது.

நாலாவது, கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு முன்னும் பின்னும் குத்தி அறுக்கிற ரம்பம். சின்னதுதான், ஒரு கையில் பிடிக்கலாம். சந்து பொந்தில் போகும். ஆனால் ஆடுகிறது. என் தோள்வரை ஆடியது.

பெட்ரோல் சிந்திய இடத்தில் எதை ஓட்டலாம் என்று கேட்டேன். சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டேன். ரஹ்மான் பாய் மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

"எதையும் ஓட்டக் கூடாது மேஸ்திரி. பொறி பிளேடுல மட்டுமா வருது, மோட்டார் உள்ள இருக்கற கார்பன்லயும் வரும். கார்பன் இல்லாத மோட்டார்னா கொஞ்சம் தேவல. மண்ணப் போட்டு மூடணும், காத்து வரணும், சோப்புத் தண்ணி ஊத்திக்கினே அறுக்கணும். அப்பவும் ஆபத்துதான். பெட்ரோலுக்கு நான் கேரண்டின்னு எவனாவது சொன்னா அவன் கடையில வாங்காதீங்க."

அந்த கேரண்டியைத்தான் வாங்கப் போனேன் போலிருக்கிறது. வெறும் கையோடு திரும்பினேன்.

1 மார்ச்

ஒன்றரை இஞ்சு பைப்பில் பதினாறு எம்.எம். கம்பியைச் செருகி வெல்டிங் அடித்து நாலு சாம்பிள் செய்தேன். கடையில் காட்டுகிற வெறும் பைப்பை நம்பி வாங்க முடியாது. இதே வேலையைப் பதினோரு வண்டிக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்தவன். இன்று பாட்டுப் போடவில்லை.

6 மார்ச், வியாழன்

நீலாவதிக்குத் தெரிந்துவிட்டது.

மத்தியானம் கரண்ட் இல்லை. நான் அளவெடுக்கப் போயிருந்தேன். ஒருவர் கிரில்லில் இரண்டு ஓட்டை போட அவசரமாக வந்து நின்றிருக்கிறார். பட்டறையைப் பார்த்துக்கொள்வது நீலாவதிதான், டிரில் பிடிக்கவும் தெரியும். ரிப்பேர் மெஷின்தானே, போனால் போகட்டும் என்று தார்ப்பாயை எடுத்துவிட்டுக் கயிற்றை இழுத்திருக்கிறாள். மூன்றாவது இழுப்பில் கிளம்பிவிட்டது.

நான் ஆட்டோவைத் திருப்பும்போதே அந்தச் சத்தம் கேட்டது. எந்த மெஷின் என்று பார்க்காமலே தெரிந்தது.

வந்தவருக்கு ஓட்டை போட்டு அனுப்பினாள். மெஷினை நிறுத்திவிட்டு, "ரிப்பேருன்னு சொன்னீங்க" என்றாள்.

"ஆமா."

"யாரு ரிப்பேர் பண்ணது?"

யாரும் பண்ணவில்லை என்றேன். அவளுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்ரோல் வாடை, கயிறு, முப்பது பேர். பயந்ததற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பாழாப்போன மெஷின்னு எங்க அம்மா இன்னும் திட்டிக்கினு இருக்குது. நீங்களும் கூட உக்காந்து தலையாட்டினீங்களே" என்றாள்.

சாப்பாடு போடும்போது மட்டும் சொன்னாள்: "காந்தாகிட்ட நீங்களேதான் சொல்லணும். நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்."

9 மார்ச், ஞாயிறு

மலைக்குப் போனேன், சொல்வதற்கு.

காந்தா கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். பொருத்திய காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறாள், வெயில் காலத்தில் அரிக்கிறதாம். பார்சலுக்கு நின்றவரிடம் சட்னி கேட்கிற லட்சணத்துக்குத் திட்டு. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"ரம்பம் வாங்கறியாமே மாமா. எதப் பாத்த?"

நாலு ரம்பத்தையும் சொன்னேன். எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. குத்தி அறுக்கிற ரம்பத்தைப் பற்றிச் சொன்னதும், "ஆடுமா?" என்றாள்.

"ஆடும்."

"அப்ப வாணாம். நீ அன்னிக்கி வெறும் பிளேட வெச்சு அறுத்தியே, ஒவ்வொரு இழுப்பும் எலும்புல தெரிஞ்சுது. உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் அன்னிக்கி நான் சொல்லல."

எனக்குக் கஷ்டமாக இருக்குமென்று அவள் சொல்லவில்லையாம்.

தயார் பண்ணிக்கொண்டு போனதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வேடியப்பன் சூடாக சுண்டல் வைத்தான். தின்றேன். வளைவுக்குப் போய் அளவெடுக்க வேண்டும் என்று ஒரு காரணம் சொல்லிக் கிளம்பிவிட்டேன். வளைவில் அளவெடுக்க என்ன இருக்கிறது? பஸ் ஒன்று திரும்பிப் போனது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோழை. சுண்டல் தின்ற கோழை.

10 மார்ச்

சொன்னீர்களா என்று நீலாவதி கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

15 மார்ச்

ஆடாமல் இருக்க வழி தேடினேன். ரம்பத்தைக் கையால் பிடிப்பதால்தான் ஆட்டம். பைப்மேலேயே ஒரு கொக்கி போட்டு, ரம்பத்தின் மூக்கை அதில் மாட்டி, நெம்புகோல் மாதிரி அழுத்தினால்? பழைய பைக் செயின், ஒரு போல்ட், கொஞ்சம் பட்டை. மூன்று முறை செய்து மூன்று முறையும் பிரித்தேன். நாலாவது பிடித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நேரம் போனது தெரியாமல் வேலை செய்தேன்.

22 மார்ச், சனி

சாம்பிள்களையும் கொக்கியையும் எடுத்துக்கொண்டு ரஹ்மான் பாய் கடைக்குப் போனேன். பைப்பின் முனையைப் பார்த்தார். "எந்தப் புண்ணியவான் இதுக்குள்ள கம்பிய வுட்டான்?" என்றார். நான்தான் என்றேன். பின்பக்கம் மெஷின்களைக் கொண்டுவரச் சொன்னார்.

இஞ்சுக்குப் பதினாலு பல் உள்ள சாதா பிளேடு பைப்பைத் தாண்டியது, கம்பியில் பாதியில் பல் போய்விட்டது. கெட்டிப் பல் வைத்த பிளேடு கம்பியையும் அறுத்தது. பட்டை ரம்பம்தான் எல்லாவற்றிலும் சுத்தம். ஆனால் பைப்பை ஒரு தகட்டோடு ஒட்டி வைத்ததும் அதன் வாய் உள்ளே போகவில்லை. நினைத்த மாதிரியேதான்.

கடைசியாகக் கொக்கி. பைப்பின் ஒரு முனையைக் கல்லில் வைத்து, மறு முனையை என் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் படும்படி வைத்துக் கட்டினேன். அறுக்கச் சொன்னேன்.

"மேஸ்திரி, உங்களுக்கு இன்னா பைத்தியமா?"

எவ்வளவு ஆடுகிறது என்று கால்தான் சொல்ல வேண்டும் என்றேன். பிளேடுக்கும் காலுக்கும் நடுவில் இரண்டு பலகை வைத்தார், வாய்க்குள் ஏதோ ஓதினார், கொக்கியில் ரம்பத்தை மாட்டினார். எலும்பில் ஒரு முனகல் தெரிந்தது. ஒரு கொசு காதோரம் சுற்றுகிற அளவுக்குத்தான். பைப் இரண்டாக விழுந்தது.

ஒரு நிமிஷம் இருபது வினாடி.

அன்றைக்கு நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நூறு நிமிஷம். ரஹ்மான் பாய் கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது: குத்தி அறுக்கிற ரம்பம், சின்னது, கார்பன் இல்லாத மோட்டார். பேட்டரி இரண்டு, எப்போதும் ஒன்று முழு சார்ஜில். கெட்டிப் பல் பிளேடு பத்து. என் கொக்கி. ஈரச் சாக்கு, சோப்புத் தண்ணீர் கேன், ஒரு மண்வெட்டி.

29 மார்ச்

ரம்பம் வந்துவிட்டது. சேட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மலைமேல் சின்னதாக விழா. எனக்கு மாலை. ஃப்ளெக்ஸில் என் படம். "நீ வாணாம்னாலும் வுட மாட்டோம்" என்கிறான். அடக்கத்தில் மறுக்கிறேன் என்று நினைக்கிறான், பாவி.

ஃப்ளெக்ஸில் நான் சிரித்துக்கொண்டு நிற்க, அதற்குக் கீழே காந்தா கால் கழற்றி உட்கார்ந்திருப்பாள். இல்லை. அது மட்டும் முடியாது.

5 ஏப்ரல், சனி

சொல்லிவிட்டேன்.

காலையிலேயே நீலாவதியோடு போனேன். கூட்டம் குறையும்வரை காத்திருந்தேன். காந்தாவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், "அன்னிக்கி ஜெனரேட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. நான் இழுக்கல" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

நிமிர்ந்தேன். அவள் இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ரோட்டப் பாத்துதான மாமா படுத்திருந்தேன். மெஷின எறக்கி வெச்ச. குனிஞ்ச. கயித்துல கை வெச்ச. எடுத்துட்ட. அப்புறம் இவருகிட்ட எடுக்க மாட்டேங்குதுன்னு சொன்ன. எனக்குக் கால்தான் மாட்டிக்கிச்சு, கண்ணு நல்லாதான் இருந்துச்சு."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்கு அந்தக் கேள்வி கேட்க யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"அப்பவே சொல்லியிருந்தா நீ கைய வுட்டுட்டு எழுந்து போயிருப்ப. அந்தக் கை எனக்கு வேண்டியிருந்துச்சு. அப்புறம் ஆஸ்பத்திரியில நீயா சொல்லுவன்னு பாத்தேன். வூட்டுக்கு வந்தப்ப சொல்லுவன்னு பாத்தேன். தீபாவளிக்குச் சொல்லுவன்னு பாத்தேன். போன மாசம் சுண்டல் தின்னுட்டுப் போயிட்ட." இலைக்கட்டை டப்பென்று மேஜையில் வைத்தாள். "பயந்தன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் பயந்துக்கினு படுத்திருப்பேன். நீ இன்னா பண்ண? ஒரு மெஷின்மேல பழியப் போட்டுட்டு எனக்குத் தைரியம் சொல்லிக்கினு இருந்த. எனக்கு எப்டி இருந்திருக்கும்?"

நீலாவதி அழுதாள். நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேடியப்பனுக்குத் தெரியாது. அடுப்பருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். தோசைக் கரண்டியைக் கழுவி, துடைத்து, ஆணியில் மாட்டினான். "கெளம்புங்கண்ணா" என்றான். ஒரு வார்த்தை கூடச் சத்தமாகப் பேசவில்லை. அடித்திருந்தால் தேவலை.

6 ஏப்ரல்

விழா இல்லை. சேட்டு பட்டறைக்கு வந்தான், காரணத்தோடு சொன்னேன். கேட்டுக்கொண்டு எழுந்து போனான். டீ கேட்கவில்லை.

19 மே

ஒரு வருஷம். பட்டறை திறக்கவில்லை.

27 மே

பைப்புக்குள் போட்ட கம்பியை எடுத்துவிடலாம் என்று பதினோரு வண்டிக்காரர்களையும் கூப்பிட்டேன், நாலு பேர்தான் வந்து எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் முடியாது என்கிறார்கள். பலமாக இருக்கட்டும் என்கிறார்கள். பலம் என்ற வார்த்தையை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

3 ஜூன்

காந்தா நீலாவதிக்குப் போன் செய்திருக்கிறாள். எனக்கில்லை. ரம்பம் சங்க ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடக்கிறதாம், சாவி சேட்டு பாக்கெட்டில், சேட்டு திருப்பத்தூரில். "வளைவுக்குக் கிட்ட இருக்கறது என் கடதான். நான் எங்கியும் ஓடிப்போகப் போறதில்ல. எங்கிட்ட வெச்சா சார்ஜ் போட்டு வெப்பேன். எப்டி அறுக்கறதுன்னு மாமாவ வந்து சொல்லித்தரச் சொல்லு" என்றாளாம்.

இரண்டு முறை கேட்டேன், மாமாவ என்றுதான் சொன்னாளா என்று.

8 ஜூன், ஞாயிறு

போனேன். கடை வாசலில் ஒரு பழைய பைப் கிடந்தது. நான் வைத்த அதே பைப். சேட்டு பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருந்ததைக் காந்தா கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். நாலு அடி நீளம், நடுவில் வளைவு, ஒரு பக்கம் என் ஆக்சா பிளேடு போட்ட கோடு.

"பழகறதுக்கு இதவிட நல்ல பைப்பு கெடைக்குமா? மாசம் ஒரு இஞ்சு" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே கொக்கியை மாட்டினாள், ரம்பத்தைப் பொருத்தினாள், அறுத்தாள். முதல் முறை மூன்று நிமிஷம், ஒரு பிளேடு போனது. வேடியப்பனும் அறுத்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுச் செய்தான், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கூட வந்த சேட்டுக்கு டீ கொடுத்தான். எனக்கில்லை. நியாயம்தான்.

6 ஜூலை

இரண்டு நிமிஷம் பத்து வினாடி. டீ இல்லை.

3 ஆகஸ்ட்

காந்தா ஒன்று நாற்பது. பேட்டரியில் நாலு பச்சை விளக்கும் எரிகிறதா என்று தினமும் காலையில் கற்பூரம் ஏற்றும்போது பார்க்கிறாளாம். டீ இல்லை.

11 செப்டம்பர், வியாழன்

பத்தரைக்கு வேடியப்பன் போன். ஏப்ரலுக்குப் பிறகு அவன் கூப்பிட்டதில்லை. "வளைவுல ஒரு வண்டிண்ணா" என்றான், போன் கட்டாகிவிட்டது. ஆட்டோவை எடுத்தேன். வழியெல்லாம் என்ன நினைத்தேன் என்று எழுத முடியாது.

நான் போவதற்குள் முடிந்திருந்தது.

காய்கறி ஏற்றி வந்த வண்டி மண்மேட்டில் மோதிச் சாய்ந்திருக்கிறது. ஓட்டி வந்தவர் காசி என்று கீழூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். பிடிப்பதற்கு வைத்த பைப்பில் முழங்கை மாட்டிக்கொண்டது. என் பைப் இல்லை, வேறு யாரோ வைத்தது. புங்கமரத்து நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கை வீங்கியிருந்தது, விரல்கள் அசைந்தன. விரல் அசைவதை மூன்று முறை பார்த்தேன்.

காந்தா ரோட்டோரம் கல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரம்பம், பக்கத்தில் வேடியப்பன். புடவையெல்லாம் மண், சோப்பு நுரை. கிட்டப் போனதும் வாடை வந்தது.

"டாங்க் ஒழுகிச்சு மாமா. பெட்ரோல் வண்டி" என்றாள். "மண்ணப் போட்டு மூடினோம், சாக்கப் போட்டோம், இவரு தண்ணி ஊத்தினாரு. எல்லாம் நீ சொன்ன மாதிரிதான். ரம்பத்த மாட்டிட்டேன். வெரல பட்டன்மேல வெச்சுட்டேன்." நிறுத்தினாள். "அழுத்த வரல மாமா. அந்த ஆளு அலர்றாரு. கை அப்டியே நிக்குது. அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும். இவருதான், பயமா இருந்தா சொல்லு காந்தா, நான் அறுக்கறேன்னாரு. பயமாதான் இருக்குதுன்னு சொன்னேன். சொன்னதுக்கப்புறம் அழுத்த வந்துச்சு."

நான் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன்.

"நீ பொய் சொன்னது சொன்னதுதான், அத நான் மறக்க மாட்டேன்" என்றாள். "ஆனா அந்தக் கயித்துல வெச்ச கை இருக்குதே, அது இன்னிக்கித்தான் எனக்குப் புரிஞ்சுது."

ரம்பத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மோட்டார் இன்னும் சூடாக இருந்தது. தண்ணீர் போன இடமெல்லாம் துடைத்து, பிளேடை மாற்றி, வேறு பேட்டரி போட்டுக் கடையில் வைத்துவிட்டு வந்தேன். பழகுகிற பைப் வாசலிலேயே கிடந்தது. நாற்பத்து நாலு இஞ்சு மீதி.

13 செப்டம்பர், சனி

அரிசி மில்காரர் கேட்டுக்குப் பெயின்ட் உரிகிறதாம், என்னைக் கேட்கிறார். நீலாவதி ஜெனரேட்டருக்குப் புது ஆயில் மாற்றினாள். தார்ப்பாய் இப்போது சிமென்ட் மூட்டைமேல் கிடக்கிறது.

நாளைக்குப் புது பிளேடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வேடியப்பன் கூப்பிட்டான். எத்தனை பிளேடு என்று கேட்டேன், ஆறு என்றான். போனை வைக்கப் போனேன்.

"காலையில சாப்புடாம வாண்ணா" என்றான்.